தாழ்ந்த மேடையும் சுற்றுப்படியும்

வீடு கட்டுவதென்று தீர்மானித்த ஒரு குடும்பத்தார், மனை வாங்கிய நாள் முதல் கிருகப் பிரவேசத்துக்கு முகூர்த்தம் பார்க்கும் நாள் வரையில், வாசற்கதவுக்குத் தேக்கு நல்லதா வேங்கை நல்லதா, சமையல் மேடைக்குக் கருங்கல் பதிப்பதா வேறு கல் பதிப்பதா, மாடிப்படியின் கைப்பிடி எவர்சில்வரில் இருப்பதா இரும்பில் இருப்பதா என்று எத்தனையோ விஷயங்களைப் பற்றி ஓயாமல் ஆலோசிக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டை விட்டு வெளியே வந்து, மண்ணுக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவே, மாலைக் காற்றில் நாலு பேர் கால் நீட்டி உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம் வேண்டாமா என்ற கேள்வி மட்டும், இந்நாளில் வரையப்படும் பெரும்பாலான வரைபடங்களில் எழுவதேயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பதிலாக நான் சொல்ல விரும்புவது, அதிகப் பணம் கேட்காத, நம் கொத்தனார்கள் எல்லாருக்கும் கைவந்த, சிறு மனையிலும் இடம் பண்ணிக்கொள்ளக்கூடிய ஒரு நிர்மாணம்: தரையை ஒட்டிய ஒரு தாழ்ந்த மேடை, அதன் திறந்த பக்கங்கள் முழுவதையும் வளைத்துக்கொண்டு ஓடும் ஒரே ஒரு படி.

மேடை என்றதும் கல்யாண மண்டபத்து மேடையையோ பொதுக்கூட்ட மேடையையோ எண்ணிக்கொள்ள வேண்டாம். நான் குறிப்பிடுவது ஓர் அடி உயரத்துக்கு மேற்படாதது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்தால் தாராளம், எட்டடிக்கு எட்டடி இருந்தாலும் போதுமானது. வீட்டின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ, ஒரு புறம் வீட்டுச் சுவரைத் தழுவியும் மற்ற மூன்று புறங்கள் தோட்டத்தைப் பார்த்தும் அமைவது. அந்த மூன்று புறங்களிலும் மேடைக்கும் மண்ணுக்கும் சரிபாதியில், ஆறு அங்குல உயரத்தில், ஓர் அடி அகலமுள்ள படி இடையறாமல் சுற்றி வரவேண்டும். இப்படி அமைத்துவிட்டால் அந்த மேடைக்கு ‘ஏறும் இடம்’ என்று தனியாக ஓர் இடம் இராது. எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறலாம், எந்தப் பக்கத்திலும் இறங்கலாம், கூட்டம் வந்தால் படி முழுவதுமே ஆசனமாகிவிடும். இவ்வளவு தாழ்ந்த மேடைக்குக் கைப்பிடிச் சுவரும் வேண்டியதில்லை. கம்பி அழியும் வேண்டியதில்லை. நம்மவர்கள் ஓர் அடி உயரத்துக்குக்கூடப் பளபளக்கும் குழாய்களை நட்டுத் தடுப்புக் கட்டிவிடுகிறார்கள். அதனால் உட்காரக்கூடிய விளிம்பு அத்தனையும் வீணாகிறது.

இது நமக்கு அந்நியமான வஸ்து அன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரசமரத்தடியில் கட்டியிருக்கும் வட்டமான அல்லது சதுரமான மேடைக்கு முன்புறம் பின்புறம் என்ற பேதம் கிடையாது. வடக்கேயிருந்து வருகிறவன் வடக்கே உட்காருகிறான், வயலிலிருந்து திரும்புகிறவன் தெற்கு ஓரத்தில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் இளைப்பாறுகிறான். திண்ணையோ தெருவைப் பார்த்த ஒரு முகமுடையது. பெரிய திண்ணை, அதற்கெதிரே ஒட்டுத் திண்ணை, இவற்றுக்குக் கீழே தெருவிலிருந்து காலெடுத்து வைப்பதற்கு ஒரு தாழ்ந்த குறடு என்று படிப்படியாக வீட்டின் அந்தரங்கத்தையும் வீதியின் பொதுமையையும் பிரித்தும் சேர்த்தும் வைத்திருந்தது அந்த அமைப்பு. சென்னை மாகாணக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ அம்மாகாணத்தின் கல்வி நிலையைப் பற்றி 1822-இல் விசாரணை நடத்தச் சொன்ன காலத்தில், நாட்டுப் பள்ளிக்கூடங்கள் பல திண்ணைகளிலேதான் நடந்துகொண்டிருந்தன. அதற்கு வெகுகாலம் பின்னர், 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையரும் தம் இளம்பிராய பாடத்தைத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 முதல் நடந்துவரும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், பல ஊர்களிலிருந்து பெயர்த்தெடுத்துவந்து திரும்ப நிறுத்தப்பட்ட வீடுகளின் திண்ணைகளில் இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கலாம். நான் கேட்கும் மேடை, திண்ணையின் குறட்டையும் அரசமரத்து மேடையின் நாற்புறப் பொதுமையையும் ஒன்றுசேர்த்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

திண்ணையையே திரும்பக் கட்டிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுடைய ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் நகரங்களில் அது நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. கட்டட விதிகளின்படி வீடு, வீதியை விட்டு உள்ளே தள்ளிப்போய்விட்டது. இடையில் மதிற்சுவரும் காரும் வந்துவிட்டன. இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாலை போடும் ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத்தாரைக் கொட்டிவந்த பழக்கத்தால் வீதிகள் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே போக, வீடுகள் பள்ளத்தில் விழுந்தன. பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதிய சாலையைப் போடவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிடவேண்டியிருந்தது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் புயல்மழையையும் கண்ட சென்னைவாசிகள், புதிதாகக் கட்டும்போது அடித்தளத்தை மூன்றடி, நான்கடி என்று தூக்கிவிடுகிறார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது சுற்றுத் தரையிலிருந்து குறைந்தபட்சம் ஒன்றரை அடிதான். ஆனால் முழங்காலளவு நீரில் அரிசி மூட்டையைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு நின்றவர்களிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர்கள் பயம் நியாயமானதே.

அப்படி உயர்த்திய வீட்டிலிருந்து வெளியே இறங்குவதற்கு அவர்கள் வைப்பது என்ன? இரண்டடி அகலத்தில், செங்குத்தாக, ஒரே பக்கம் பார்த்த நான்கைந்து படிகள். அவற்றின் வழியாக விருத்தர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அல்லது இறங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளே தொலைக்காட்சிக்கு எதிரே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் நம் பெரியவர்களில் எத்தனையோ பேர், வெளியே வர விருப்பமில்லாமல் அங்கே இருக்கவில்லை. இறங்குவதற்குப் பயந்து இருக்கிறார்கள். உயர்ந்த வீட்டுக்கும் தாழ்ந்த மண்ணுக்கும் இடையில் ஒரு விசாலமான தங்குமிடம் இருந்துவிட்டால், சில படிகள் இறங்கி, மேடையில் நின்று மூச்சு வாங்கி, நாற்காலியில் சற்று அமர்ந்து, மனசிருந்தால் இன்னும் ஒரு படி இறங்கி மல்லிகைச் செடிவரை போய்வரலாம். இந்த மேடை அலங்காரம் அன்று, அவசியம் என்று நான் சொல்வதன் தலையாய காரணம் இதுவே.

அமெரிக்க தேசத்தில், இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ஊரோரங்களில் எழுந்த தாழ்ந்த வீடுகளின் பின்புறத்தில் மரப்பலகை மேடை கட்டுவது பெருவழக்காகிவிட்டது. அங்கே வீட்டுக்காரரே சனி, ஞாயிறுகளில் ரம்பமும் ஆணியுமாக நின்று கட்டிவிடுகிறார். தரையிலிருந்து முப்பது அங்குலத்துக்கு மேல் உயரமான மேடைக்குத்தான் கைப்பிடித் தடுப்புக் கட்டாயம் என்பது அவர்களுடைய வீட்டுக் கட்டட விதி. அதற்குக் கீழே தாழ்ந்திருப்பதைச் சுற்றிப் படி ஓடவிட்டுத் திறந்தே வைக்கலாம். அவர்களுக்குள்ள பெரிய தொல்லை குளிர்காலத்து உறைபனி. ஈரமண் உறைந்து விரிந்து தூண்களைத் தூக்கிவிடும் என்பதால், வடகோடி மாகாணமான மின்னசோட்டாவில் தூண்களுக்கு மூன்றரை அடி முதல் ஐந்தடி ஆழம் வரையில் குழி தோண்டவேண்டியிருக்கிறது. ஜப்பானியர்களோ பன்னெடுங்காலமாகவே வீட்டோரத்தில் மரப்பலகைத் தாழ்வாரம் வைத்து, அதன் விளிம்பில் அமர்ந்து தோட்டத்தைப் பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள். கியோத்தோ நகரத்து ரியோஆன்ஜி ஆலயத்துக்கு யாத்திரை போகிறவர்கள், வெண்சரளைப் பரப்பில் வைக்கப்பட்ட பதினைந்து பாறைகளை அந்தத் தாழ்வாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்தபடிதான் தரிசிக்கிறார்கள். தாழ இருந்து பார்த்தால்தான் பூமியின் அழகு தெரியும் என்பதை அவர்கள் அநுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

அந்நிய தேசத்துப் படங்களைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் இப்போது சிலர் மரப்பலகை மேடை போட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை; ஆனால் நம் மண்ணுக்கு அது ஏற்றதன்று என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். ஓர் அடிக்கும் குறைந்த உயரத்தில் சட்டங்கள் மேல் பலகை பரப்பினால், அடியில் கை நுழையாத, துடைப்பம் நுழையாத, ஆனால் எலி நுழையக்கூடிய ஓர் இருட்டு வெளி ஏற்பட்டுவிடுகிறது. எலி வந்த இடத்துக்குப் பாம்பு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஈரம் வாரக்கணக்கில் உலராது. ஈரமும் மரமும் சேர்ந்த இடத்தைக் கறையான் தேடிக்கொண்டு வந்துவிடும். மரத்துக்கு மருந்தேற்றிவிட்டால் போகிறது என்பார்கள். ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தை வீட்டு மேடைகளுக்கும் குழந்தைகளின் விளையாட்டுச் சாதனங்களுக்கும் உபயோகிப்பதை அமெரிக்காவிலேயே 2003-ஆம் வருஷத்தின் இறுதியோடு கைவிட்டுவிட்டார்கள் என்பதை அவர்கள் நினைவில் வைக்கவேண்டும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் கறையானுக்குத் தப்பலாம். ஆனால் சித்திரை வெயிலில் அவற்றின் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. செங்கல்லும் கல்லும் கொண்டு உள்ளே மண்ணடித்து இறுக்கிய, அடியில் வெற்றிடமே இல்லாத மேடைதான் நமக்கு உகந்தது. மரத்தின் மேல் பிரியமுள்ளவர்கள் நாலு காலில் ஒரு நல்ல பெஞ்சியாகச் செய்து அந்த மேடையின் மேல் போட்டுக்கொள்ளட்டும். காரைக்குடிக் கடைகளில் பழைய வீடுகளின் தேக்குமரம் இன்னமும் கிடைக்கிறது.

கட்டும் முறையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் இத்தகைய சிறு வேலைகளை ‘மிச்சம் இருக்கிற ஜல்லியிலும் மணலிலும் கடைசியில் முடித்துவிடலாம்’ என்று ஒதுக்கிவைத்து, கிருகப் பிரவேசத்துக்கு முந்தின வாரத்தில் அவசர அவசரமாகக் கட்டிவிடுவதுதான் நம் பொது வழக்கம். இரண்டே வருஷத்தில் மேடையும் படியும் ஒன்றை விட்டு ஒன்று விலகி, நடுவில் விரல் நுழையும் வெடிப்பு ஓடியிருப்பதை அநேக வீடுகளில் பிரத்தியட்சமாகக் காணலாம். அதற்குக் காரணம், மேடைக்கு மட்டும் வாணம் தோண்டி அஸ்திவாரம் போட்டுவிட்டு, படியை அதன் ஓரத்துப் புதுமண்ணின் மேல் சும்மா ஒட்டவைத்துவிடுவதுதான். படியின் வெளிவிளிம்பையே மேடையின் எல்லையாகக் கொண்டு வாணம் தோண்டவேண்டும். மேல்மண்ணை வேரோடு வெட்டி அப்புறப்படுத்தி, கிராவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் பரப்பி, ஒவ்வொரு பரப்புக்கும் நீர்விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் நாலு அங்குலக் கான்கிரீட்டை முழுப்பரப்புக்கும் ஒரே தளமாகப் போட்டுவிட்டு, அந்தத் தளத்தின் மேலேயே படிக்கும் மேடைக்கும் செங்கல் எழுப்பினால், இரண்டும் இறங்கினால் ஒன்றாக இறங்கும், நின்றால் ஒன்றாக நிற்கும்.

ஆனால் வீட்டுச் சுவரோடு அந்த மேடையைப் பிணைக்கக்கூடாது. வீட்டின் அஸ்திவாரம் ஆழமானது, மேடையுடையது ஆழமற்றது. இரண்டும் ஒரே அளவாக இறங்கமாட்டா. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல்காட்டார்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை; மழையில் வீங்கியும் கோடையில் பிளந்தும் ஓயாமல் அசையும் அந்த மண், மேல் கட்டியிருப்பதையெல்லாம் தன்னோடு அசைக்கும். அத்தகைய இடங்களில் கரிசலை நன்றாக ஆழம் வெட்டியெடுத்து, வேற்றூர்க் கிராவலால் நிரப்பி, வீட்டுச் சுவருக்கும் மேடைக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, நீர் இறங்காத, ஆனால் இளகிக் கொடுக்கிற பூச்சால் அதை அடைத்துவிடுவது நலம். மேடையின் மேற்பரப்பு, வீட்டு வாசல் தளத்துக்கு ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்கவேண்டும் என்பதும் மறக்கக்கூடாத விதி. இல்லாவிட்டால் மேடையில் விழும் மழை வீட்டுக்குள் வந்துவிடும்.

இனிப் படியின் அளவு. ஏற்றம் எல்லாம் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆயினும் அது அப்படி அமைவது அபூர்வம். மனிதனுடைய கால் முதல் படியில் பாடம் படித்துக்கொண்டு, அடுத்த படியும் அதே அளவு இருக்கும் என்று நம்பி, கண்ணைக் கேளாமலே மேலே போகிறது. அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அந்த நம்பிக்கை பொய்த்து, கட்டைவிரல் இடிபடுகிறது அல்லது ஆள் முன்னால் சாய்கிறார். கொத்தனார் செங்கல் வேலையில் ரசமட்டம் வைத்துச் சரியாகவே ஆறு அங்குலம், ஆறு அங்குலம் என்று எழுப்பிவிடுகிறார்; பிறகு மேடையின் மேல் கல்பதிப்பவர் வந்து கலவையும் கல்லுமாக இரண்டு அங்குலம் ஏற்றிவிடுகிறார்; படியின் மேல் வெறும் சிமெண்டுப் பூச்சு முக்கால் அங்குலத்தோடு நின்றுவிடுகிறது; கடைசியில் தோட்டக்காரர் வந்து செம்மண் கொட்டிக் கீழ்த்தரையை இரண்டு அங்குலம் உயர்த்திவிடுகிறார். மூவருமே தத்தம் வேலையைச் சரியாகச் செய்தவர்கள்தாம். ஆயினும் கீழ் ஏற்றம் நாலே முக்கால் அங்குலமாகவும் மேல் ஏற்றம் ஏழேகால் அங்குலமாகவும் முடிந்துபோகிறது. இதற்குப் பரிகாரம், வேலை தொடங்கும் நாளிலேயே முடிந்த மட்டத்தைச் சுவரில் கோடு கிழித்து, அந்தக் கோட்டிலிருந்து கல்லின் கனத்தையும் கலவையின் கனத்தையும் கழித்துக்கொண்டு, மேலேயிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் பண்ணுவது. எத்தனை கொத்தனார்கள் வந்து போனாலும் அந்தக் கோடு அழியாமல் பார்த்துக்கொள்ளவேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு.

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்பு வீடுகளின் படிக்கு ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஏழரை அங்குலத்துக்கு, மேற்படக்கூடாதென்றும், மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாதென்றும் வரம்பு கட்டுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துச் சிற்பசாஸ்திரியான பிரான்சுவா புளோந்தேல் என்பவர், இரண்டு ஏற்றத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் மனிதன் சமதரையில் வைக்கும் ஓர் எட்டின் நீளம், சுமாராக இரண்டடி, வரவேண்டும் என்று சொல்லிவைத்தார். ஆறங்குல ஏற்றமும் ஓரடி மிதியும் இந்தக் கணக்குக்கு முற்றும் இசைகின்றன. வீட்டிலுள்ள மிக மூத்தவருக்கும் மிக இளையவருக்கும் ஒருங்கே ஏற்ற அளவு இதுவே.

வாட்டம் என்பது வேறொரு சிக்கல். மழைநீர் வடிய அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். பத்தடி மேடையில் அது இரண்டரை அங்குலச் சரிவாகிவிடும். படியை மட்டும் சமமாக ஓடவிட்டால், வீட்டுப் பக்கத்தில் ஓர் ஏற்றமும் தோட்டப் பக்கத்தில் வேறொரு ஏற்றமுமாக மேடையே கோணலாகத் தோன்றும். வழவழப்பான பரப்புக்கு அடிக்கு அரைக்கால் அங்குலமே போதும். அப்போதும் படியானது மேடையின் விளிம்பைப் பின்பற்றியே சரியவேண்டும். தரையும் அவ்வண்ணமே சரியவேண்டும். சரிவின் வித்தியாசம் முழுவதையும் மண்ணே வாங்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டால், கால்படும் இடமெங்கும் ஏற்றம் மாறாது.

சுற்றுப்படி என்னும் அமைப்பில் கைத்திறனைக் காட்டும் இடம் மூலைதான். நேராக ஓடிவரும் ஓரடி மிதி, மூலையில் மடங்கித் திரும்பும்போது மூலைவிட்டத்தில் ஏறக்குறைய பதினேழு அங்குலமாக அகன்றுவிடுகிறது. அந்த இடத்தில் இறங்குகிறவர் எட்டிக் கால்வைக்க நேர்கிறது. கல்லின் கூர்முனையோ குழந்தையின் நெற்றிக்குக் காத்திருக்கிறது. ஆகையால் மேடையின் மூலையையும் படியின் மூலையையும் சேர்த்து இரண்டடி அளவுக்குச் சாய்வாக வெட்டிவிடுவது, அல்லது வளைவாகத் திருப்பிவிடுவது, அழகுக்கும் ஷேமத்துக்கும் ஒருங்கே உகந்தது. வளைவுக்குக் கல் அறுக்கக் கூலி அதிகமாகும், சாய்வெட்டுக்கு ஆகாது. எல்லாப் பக்கத்திலும் படியின் மூக்கை அரைவட்டமாக மழுக்கி, மேடைக்கல்லுக்கு மாறான நிறத்தில் ஒரு பட்டை வைத்துவிட்டால், அந்திவேளையில் பார்வை மங்கியவர்களும் விளிம்பைத் தெரிந்துகொள்வார்கள்.

மேலே பரப்பும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மெருகேற்றிய கருங்கல்லை மழைபடும் இடத்தில் பதிப்பதைப் போன்ற அபாயமான காரியம் வேறில்லை. உளியால் கொத்திய, அல்லது நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கல்லே வேண்டும். கடப்பைக் கல் மலிவானது, உறுதியானது. ஆனால் அதன் கருநிறம் வெயிலை விழுங்கிவைத்துக்கொள்ளும், ஆதலால் நிழலுள்ள இடத்தில் மட்டும் அதைப் போடலாம். ஆத்தங்குடி ஓட்டின் அழகில் மனம் பறிகொடுத்தவர்கள் அதைக் கூரையின் கீழே வைத்துக்கொள்வதே அதற்குச் செய்யும் மரியாதை.

மேடை தாழ்ந்திருப்பதில் ஓர் அசௌகரியமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓரடி உயரத்தில் குழந்தைகளும் வாலிபர்களும் சுகமாக உட்கார்ந்து எழுவார்கள்; முழங்கால் வலியுள்ளவர்களால் எழ முடியாது. அதனால் வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்தில், மேடையின் மேல் ஒன்றரை அடி உயரத்தில், முதுகு சாய ஒரு சரிவான சாய்மானத்தோடு, ஒட்டுத் திண்ணை ஒன்றைக் கட்டிவிடவேண்டும். கட்டடத்தோடு கட்டடமாக ஆசனங்களை எழுப்பிவிடுவதால் எவ்வளவு மிச்சம், எவ்வளவு உறுதி என்பதை, 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தைத் தம் நாடாக்கிக்கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வாழ்நாளெல்லாம் கட்டிக் காட்டினார். அந்நகரத்து இந்தியன் காபி ஹவுஸில் சுவரோடு எழுந்த மேஜைகளும் இருக்கைகளும் இன்றும் அதற்குச் சாட்சி. சக்கர நாற்காலியில் வருபவரும் நம் வீட்டு விருந்தினராக இருக்கலாம் என்ற நினைவோடு, ஒரு பக்கத்தில் மட்டும் படியை நிறுத்தி, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாகச் சரிவுப்பாதை அமைக்கவேண்டும். மூன்றடி உயர்ந்த வீட்டுக்கு முப்பத்தாறடி பாதை கேட்கும் அதே விகிதம், இங்கே பன்னிரண்டடியோடு திருப்தியடைந்துவிடுகிறது. தாழ்வின் மகிமை இதுதான்.

மனை முழுவதையும் சிமெண்டால் மெழுகிவிடுவதற்கு இந்தக் கட்டுரையை ஒரு சாக்காக யாரும் கொள்ளலாகாது. 2003-இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. மேடை எடுத்துக்கொள்ளும் மண்ணுக்கு ஈடாக, அதிலிருந்து வடியும் நீர் முழுவதும் பக்கத்திலுள்ள சேகரிப்புக் குழிக்கோ மரத்தடிக்கோ போய்ச்சேரும்படி வழி செய்வது கட்டுகிறவரின் கடமை. விதிப்படி காலியாக விடவேண்டிய பக்கவெளியில் கட்டுவதாயிருந்தால், உள்ளூர்ப் பொறியாளரை முதலில் கலந்துகொள்வது நல்லது. மேடையின் மேற்கே ஒரு வேம்போ புங்கமோ நட்டுவிட்டால், சில வருஷங்களில் தகரக் கூரைக்கு அவசியமிராது. வேருக்கு இடம் விட்டு, மேடையிலிருந்து பத்தடியாவது தள்ளி நடவேண்டும்.

இடமில்லை, பணமில்லை என்பாருக்கு என் பதில் ஒன்றே. கார் நிறுத்தத்துக்கு நாம் ஒதுக்குகிற அளவு இடம் இருந்தாலே இதற்குப் போதும். வரவேற்பறையின் பொய்க்கூரைக்கும் அதில் பதிக்கிற விளக்குகளுக்கும் செலவிடத் துணிகிறவர்கள், சில லோடு கிராவலுக்கும் செங்கல்லுக்கும் யோசிப்பது நியாயமன்று. அடுக்குமாடி வாசிகள் தங்கள் வளாகத்தின் பொது நிலத்தில், எல்லாருமாகச் சேர்ந்து, மரத்தைச் சுற்றி அரசமரத்து மேடை பாணியிலேயே ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். குழந்தைகளின் ஊஞ்சலுக்கு அருகே அது இருக்குமானால், பாட்டிமார்கள் கூப்பிடாமலே வந்து சேருவார்கள்.

தனிமனிதர்களிடம் சொன்னதை அரசாங்கத்திடமும் சொல்லவேண்டும். குடிசை வாசிகளுக்காக 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில், வீடொன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் உதவியோடு 360 சதுர அடி வீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன. அத்தனை சிறிய வீட்டில் வாழும் குடும்பம் பகலின் பெரும்பகுதியை வெளியேதான் கழிக்கும். அரிசி புடைப்பதும், பூத்தொடுப்பதும், பிள்ளை படிப்பதும், இரவில் பாய்விரித்துப் படுப்பதும் வாசலில்தான். அந்த வாசல் புழுதியாக இருப்பதா, உலர்ந்து சுத்தமான ஒரு மேடையாக இருப்பதா என்பது அவர்கள் வாழ்க்கையில் மிகப்பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். மாதிரி வரைபடத்தில் வாசலோரம் எட்டடிக்கு ஆறடியில் ஒரு தாழ்ந்த மேடையையும், அதன் திறந்த பக்கங்களில் ஆறங்குலச் சுற்றுப்படியையும் சேர்த்து, அதற்கான தொகையையும் கூட்டித்தருமாறு ஊரக வளர்ச்சித் துறையை நான் கேட்டுக்கொள்கிறேன். புதிதாகக் கட்டப்படும் அங்கன்வாடிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இதே வரைபடத்தை விரிவுபடுத்திக் கொடுக்கலாம். அங்கே தாய்மார்கள் காத்திருக்கிறார்கள், உட்கார இடமில்லாமல்.